நீலம் தீர்ந்த வாரம்

ஜூன் 4, செவ்வாய்

நீலச் சாயம், மெத்திலீன் புளூ, இன்றோடு தீர்ந்தது. புதிதாக வந்த பாட்டிலின் பொடியைக் கரைத்து வடிகட்டிப் பார்த்தேன். அடியில் மணல் மாதிரி தங்குகிறது. ஸ்லைடில் ஊற்றினால் திட்டுத் திட்டாக ஒட்டுகிறது. மாற்றித் தரச் சொல்லி ஸ்டோருக்கு எழுதிக் கொடுத்தேன். பத்துப் பதினைந்து நாள் ஆகுமாம்.

ஸ்லைடு பார்த்து ரிப்போர்ட் எழுதும் டாக்டர் தாணு சாரிடம் சொன்னதற்கு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "டி.பி. சாயம் போட வேண்டியது எதுவும் கையில இருக்கா?" என்றார். இல்லை என்றேன். "அப்ப வந்த பிறகு பாத்துக்கலாம்."

சாயங்காலம் அனிலா கேட்டாள்: "அம்மா, அவங்க வீட்டுல ஒங்க அம்மாவுக்கு என்ன வேலைன்னு கேட்டா நான் என்ன சொல்ல?" அடுத்த புதன்கிழமை அவளைப் பெண் பார்க்க மார்த்தாண்டத்திலிருந்து வருகிறார்கள். நாகர்கோவிலில் ஒரு ஆஸ்பத்திரி லேபில் வேலை என்று சொல் என்றேன். அது போதாதாம். அதனால் உட்கார்ந்து சொன்னேன். நோயாளி உடம்பிலிருந்து எடுத்த சதையை மெழுகில் பதித்து, வெங்காயத் தோலைவிட மெல்லிசாக வெட்டிக் கண்ணாடியில் ஒட்டுவோம். அப்போது அது வெறும் தண்ணீர்க் கறை மாதிரி இருக்கும், சாயம் ஏற்றினால்தான் எதுவும் தெரியும். டி.பி. கிருமியைத் தேடுவதானால் இரண்டு சாயம். முதலில் சிவப்பைச் சூடாக்கி ஏற்றி அமிலத்தில் கழுவுவோம். கிருமி மட்டும் சிவப்பை விடாது, மற்றதெல்லாம் வெளுத்துவிடும். வெளுத்த இடத்துக்கு ஒரு பின்னணிச் சாயம் கொடுப்போம், நீலமோ பச்சையோ. அதன் மேல் கிருமி சிவப்புக் கோடாகத் தெரியும்.

"நீலமா பச்சையான்னு யாரு முடிவு பண்ணுவா?"

"நாந்தான்."

ஆனால் பதினொரு வருஷமாக எங்கள் லேபில் அநேகமாக எப்போதும் நீலம்தான். சாருக்கு நீலம்தான் பிடிக்கும். ஏன் என்று நான் கேட்டதில்லை.

ஜூன் 6, வியாழன்

இருபத்திரண்டு மெழுகு பிளாக். மழை விடவில்லை. சதையைப் பதப்படுத்தும் மெஷின் ஓடுகிறதா முடிந்ததா என்று சார் வழக்கம்போல என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். மெஷின் அவருக்கு நேர் எதிரே இருக்கிறது. ஓடினால் சிவப்பு விளக்கு, முடிந்தால் பச்சை.

ஜூன் 11, செவ்வாய்

நேற்று வந்த குடல் துணுக்குகளை இன்று வெட்டிச் சாயம் ஏற்றிக் கொடுத்தேன். செல்வபாய், முப்பத்தொரு வயது, முந்திரி ஆபீசில் பருப்பு உடைக்கிறவள். எட்டு மாதமாக வயிற்று வலி, பதினான்கு கிலோ குறைந்திருக்கிறாள்.

வழக்கமான ஊதாவும் இளஞ்சிவப்புமான ஸ்லைடுதான் முதலில். அதில் சார் மாதிரி பார்க்கிறவர் இந்த மாவட்டத்தில் இல்லை. அவர் நிறத்தைப் பார்ப்பதில்லை, உருவத்தைப் பார்க்கிறார். திருவனந்தபுரத்தில் மூன்று பேர் சாதாரண வீக்கம் என்று சொன்னதை, ஒரு செல்லின் ஓரம் மடிந்திருப்பதைப் பார்த்துப் புற்று என்று சொன்னவர்.

செல்வபாயின் ஸ்லைடைக் கால் மணி நேரம் பார்த்தார். "ரெண்டுல ஒண்ணு, எமல்டா. குடல் டி.பி., இல்லேன்னா கிரான்ஸ். உடம்பே தன் குடலை அரிக்கிற நோய். ரெண்டும் பாக்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். மருந்துதான் நேர் எதிர். கிரான்ஸுக்கு ஸ்டீராய்டு. டி.பி.க்கு ஸ்டீராய்டு மட்டும் குடுத்தா கிருமிக்குக் கதவைத் திறந்து விட்ட மாதிரி."

கிருமி தெரிந்தால் டி.பி. என்று முடிவு. சாயம் போட வேண்டும். நீலம் இன்னும் வரவில்லை.

ஜூன் 12, புதன்

காலை ஒன்பது மணிக்கே டாக்டர் ஜாஸ்பர் போன் செய்தார். செல்வபாயை அவர்தான் பார்க்கிறார். நாளைக்கு ரிப்போர்ட் இல்லாவிட்டால் மருந்து தொடங்க முடியாது, அவளால் நிற்க முடியவில்லை என்றார். சார் அப்போது கூட்டத்தில் இருந்தார்.

அலமாரியில் மாலகைட் கிரீன் இருந்தது, எப்போதோ மாணவர்களுக்குக் காட்ட வாங்கியது. கரைத்துப் பார்த்தேன். தெளிவாக, அழகாகக் கரைந்தது. பச்சையிலும் கிருமி சிவப்பாகத்தான் தெரியும். புத்தகத்தில் இரண்டும் ஒன்றுதான் என்று போட்டிருக்கிறது. நீலத்துக்காக ஒரு நோயாளியைக் காக்க வைப்பது சரியில்லை. போட்டேன்.

பன்னிரண்டரைக்கு முடிந்தது. வீட்டிலிருந்து என் கணவர் பெர்னார்டு இரண்டு தடவை போன் செய்துவிட்டார்: "மூணு மணிக்கு ஆள் வந்துரும், நீ இன்னும் கெளம்பல்லியா?" ஸ்லைடைச் சார் மேசையில் வைத்துவிட்டு ஒரு மணிக்குக் கிளம்பினேன்.

சாதாரணமாக டி.பி. ஸ்லைடு என்றால் முதலில் நான் மைக்ராஸ்கோப்பில் தேடிப் பார்த்து, கிருமி இருக்கிற இடத்தில் பேனாவால் ஒரு புள்ளி வைத்துக் கொடுப்பேன். சாரின் நேரம் மிச்சமாகும் என்பதற்காக. இன்று அதற்கு நேரமில்லை.

மாப்பிள்ளை வீட்டார் நல்ல மனிதர்கள். பையன் அதிகம் பேசவில்லை. அனிலா இரண்டு தடவை சிரித்தாள்.

ஜூன் 13, வியாழன்

செல்வபாய் ரிப்போர்ட் போய்விட்டது. "டி.பி. கிருமிகள் காணப்படவில்லை. கிரான்ஸ் நோய்க்குப் பொருந்துகிறது."

ஸ்லைடு திரும்ப என் தட்டுக்கு வந்தது. இன்று முப்பத்தொரு பிளாக். அடுக்கில் வைத்துவிட்டேன்.

சார் பச்சையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. முப்பது வருஷமாகப் பார்க்கிற டாக்டர்.

ஜூன் 24, திங்கள்

நீலம் வந்தது. நல்ல சரக்கு. பச்சை பாட்டிலை அலமாரியின் பின்வரிசையில் தள்ளி வைத்தேன்.

மார்த்தாண்டத்தில் சம்மதம் சொல்லிவிட்டார்கள்.

ஜூலை 8, திங்கள்

லேப் ஜன்னலில் ஒரு ஆள் வந்து நின்றார். பேச்சிப்பாறைப் பக்கம் ரப்பர் பால் வெட்டுகிறவர். விரலிடுக்கில் பால் காய்ந்து கறுத்திருந்தது. செல்வபாயின் கணவர், ஞானசிகாமணி.

"மருந்து தின்னத் தொடங்கி மூணு ஆழ்ச்சை ஆச்சு, இருபத்தஞ்சு நாளு, மேடம். மொதல்ல நல்லாத்தான் இருந்தா. இப்ப காய்ச்சல் விடமாட்டேங்கு, வயிறு கல்லு மாதிரி வீங்கிக் கெடக்கு. நேத்து இங்கயே திரும்பக் கொண்டு சேத்துட்டோம். அவளுக்க ஸ்லைடு கெடைக்குமா? திருவனந்தபுரத்துல ஒருத்தர்ட்ட காட்டணும்."

நாளைக் காலை எடுத்து வைக்கிறேன் என்றேன்.

மதியம் நல்ல மழை. பழைய ரிஜிஸ்டர்களுக்கு அட்டை போட்டேன்.

ஜூலை 9, செவ்வாய்

நேற்று ஒன்றை எழுதாமல் விட்டேன். அவர் போனதும் ஸ்லைடை எடுத்துப் பார்த்தேன். எண்ணெய் விட்டுப் பார்க்கும் லென்ஸில், இரண்டாவது நிமிஷத்தில், பச்சைக்கு நடுவே சிவப்பாக இரண்டு கோடு. பக்கத்திலேயே இன்னொன்று. நேற்றே ஜாஸ்பரிடம் ஓடியிருக்க வேண்டும். உறுதிப்படுத்திக்கொண்டு சொல்லலாம் என்று அட்டை போட்டுக்கொண்டிருந்தேன்.

இன்று ஏழு மணிக்கே வந்து அதே பிளாக்கிலிருந்து இன்னொரு செக்‌ஷன் வெட்டி நீலத்தில் போட்டேன். சார் வந்து உட்கார்ந்ததும் அதை முதலில் வைத்தேன். புள்ளி வைக்கவில்லை.

ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. "இருக்கே. மூணு, நாலு... தாராளமா இருக்கே. யாரோடது?"

"செல்வபாய், சார். குடல்."

தலையைத் தூக்கினார். நான் பச்சை ஸ்லைடை எடுத்து வைத்தேன். வெகு நேரம் பார்த்தார். ஸ்லைடு நகரும் சத்தம் மட்டும் கேட்டது.

"இதுல இல்லையே."

"ரெண்டும் ஒரே பிளாக்தான் சார். இருக்கு."

"எங்கன்னு காட்டுங்க."

நான் குனிந்து, மைக்ராஸ்கோப் கண்ணாடிக்குள் இடம் காட்டும் முள்ளின் நுனியில் கிருமியைக் கொண்டுவந்து நிறுத்தினேன். "முள்ளு நுனியில சார்."

அவர் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

"முள்ளுதான் தெரியுது" என்றார்.

மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"ஒங்களுக்கு எவ்வளவு நாளாத் தெரியும், எமல்டா?"

"என்னது சார்?"

அவர் மறுபடி கேட்கவில்லை. போனை எடுத்து ஜாஸ்பரிடம் பேசினார். "ஸ்டீராய்டைக் குறைச்சு நிறுத்துற வழியப் பாருங்க, டி.பி. மருந்து இன்னைக்கே தொடங்குங்க. கூடுதலா வெட்டின செக்‌ஷன்ல கிருமி கெடைச்சிருக்கு" என்றார். திருத்திய ரிப்போர்ட்டிலும் அப்படியே எழுதினார்: "மேலும் ஆழமாக வெட்டிய செக்‌ஷன்களில் கிருமிகள் காணப்பட்டன." அது பொய் இல்லை. நான்தான் வெட்டினேன், நான்தான் டைப் செய்தேன்.

ஜூலை 10, புதன்

நேற்று சாயங்காலமே செல்வபாய்க்குக் குடல் ஓட்டையாகிவிட்டது. உடனே ஆபரேஷன். உயிர் இருக்கிறது. மலம் வெளியேற வயிற்றின் ஓரத்தில் பை வைத்திருக்கிறார்கள்.

மாடிப்படியில் ஜாஸ்பரைப் பார்த்தேன். ஒரு நாள் முன்னால் தெரிந்திருந்தால் குடல் தப்பித்திருக்குமா என்று கேட்டேன். "ஒரு நாளில் ஒண்ணும் மாறியிருக்காது மேடம். ஒரு மாசம் முன்னாலன்னா வேற கதை" என்றார்.

ஜூலை 11, வியாழன்

வெட்டியெடுத்த குடல் பார்மலின் வாளியில் லேபுக்கு வந்தது. ஒரு முழ நீளம். பெயர்ச் சீட்டைப் படித்தது நான்தான். சார் முன்னால் வெட்டும் மேசையில் வைத்தேன்.

அவர் கையுறை போட்டுக்கொண்டு, கத்தரிக்கோலால் நீளவாக்கில் திறந்தார். ஓட்டை விரல் நுழையும் அளவு. அளவுகளைச் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். பாதியில் நிறுத்திவிட்டார். சிங்க்கில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

"ஆறடி உசரத்துல ஒரு ஆளு, ஜன்னல்ல நிக்கான். அவ வீட்டுக்காரனா?"

"ஆமா சார்."

"முந்தாநேத்து டைப் பண்ணின ரிப்போர்ட்டை எடுங்க."

எடுத்துக் கொடுத்தேன். நான்காக மடித்துக் கிழித்தார். பிறகு நின்றபடியே சொன்னார். மெடிக்கல் காலேஜ் சேரும்போது கண் பரிசோதனை. புள்ளிப் புள்ளியாக நிறம் போட்ட புத்தகத்தைக் காட்டி எண்ணைப் படிக்கச் சொல்வார்கள். பக்கத்துத் தெருவில் ஒருவரிடம் அதே புத்தகம் இருந்தது. பக்கம் பக்கமாக மனப்பாடம் செய்து ஒப்பித்துவிட்டார்.

"உருவத்தை வச்சே சமாளிச்சுடலாம்னு நினைச்சேன். முக்கால்வாசி சமாளிச்சுட்டேன். ஒரு வார்த்தை ஒங்ககிட்ட சொல்லியிருந்தா, நீங்க பச்சையத் தொட்டிருக்கவே மாட்டீங்க."

நான் தலையாட்டினேன்.

புது ரிப்போர்ட்: "முதல் ஸ்லைடிலேயே கிருமிகள் இருந்தன. நான் பார்க்கத் தவறினேன். சிதம்பரதாணு." அதை எடுத்துக்கொண்டு அவரே ஆஸ்பத்திரி சூப்பிரண்டு அறைக்குப் போனார்.

ஜூலை 20, சனி

சாயம் கரைக்கும் நோட்டைப் பார்த்தால் பதினொரு வருஷத்தில் நீலம் இல்லாமல் பச்சை போட்டது, இதையும் சேர்த்து, மூன்று தடவை. இருபத்தாறு ஸ்லைடு. சூப்பிரண்டு டாக்டர் ஹெப்சிபா வெளியிலிருந்து ஒரு டாக்டரை வரவழைத்து எல்லாவற்றையும் பார்க்கச் சொன்னார். மற்ற இருபத்தைந்தில் இருபத்திநாலு சரி. ஒன்று சரியில்லை. 2014, கழுத்துக் கட்டி, ஒரு பெரியவர். விலாசத்துக்கு ஆள் அனுப்பி விசாரித்தார்கள். அடுத்த வருஷமே இறந்துவிட்டார், எதனால் என்று வீட்டுக்காரர்களுக்குத் தெரியவில்லை.

முந்தைய இரண்டு தடவையும் நான் ஸ்லைடுகளைப் பார்த்துப் புள்ளி வைத்துத்தான் கொடுத்தேன். அந்த ஒன்றில் மட்டும் ஏன் புள்ளி இல்லை என்று யோசித்து யோசித்துப் பார்க்கிறேன். நினைவில்லை.

வெளியூர் டாக்டர் கேட்டார்: "இந்த ஸ்லைடுகள்ல புள்ளி வச்சது யாரு? எதுக்கு?"

"சாரோட நேரம் மிச்சமாகும்னு."

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார்.

ஜூலை 21, ஞாயிறு

சர்ச்சில் பூசைக்குப் போகவில்லை. தலைவலி என்று சொன்னேன்.

ஜூலை 29, திங்கள்

செல்வபாயை வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். சார் அவளைப் பார்க்கக் கிளம்பினார். சூப்பிரண்டு கடிதமாக அனுப்பினால் போதும் என்றாராம், இவர் கேட்கவில்லை. "நீங்க வர வேண்டாம், எமல்டா" என்றார். நான் கூடவே போனேன்.

கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கன்னம் ஒட்டி, கண் மட்டும் பெரிதாக. முந்திரித் தோலின் பால் பட்டு விரல்களெல்லாம் கறுத்துத் தோல் உரிந்திருந்தது. ஞானசிகாமணி அவளுக்குக் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தார்.

சார் நின்றபடியே சொன்னார். "எனக்குச் செவப்பும் பச்சையும் பிரிச்சுத் தெரியாதும்மா. பொறந்ததுலேருந்தே. ஒன் ஸ்லைடுல கிருமி இருந்துது. நான் இல்லேன்னு எழுதிட்டேன். அதனாலதான் ஒனக்குத் தப்பான மருந்து குடுத்தாங்க."

கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு அவள் கணவர்தான் கேட்டார். சத்தம் போடவில்லை.

"கண்ணு தெரியாதுன்னா எதுக்கு சார் இந்த வேலைக்கு வந்தீங்க?"

சாரின் கைகள் இரண்டும் பக்கவாட்டில் தொங்கிக்கொண்டிருந்தன. பள்ளிக்கூடத்தில் எழுப்பி நிறுத்தப்பட்டவர் மாதிரி நின்றார்.

நான் பேச நினைத்து வரவில்லை. ஆனால் என் குரல்தான் கேட்டது.

"எனக்குத் தெரியும்" என்றேன். "சாருக்குத் தெரியாதுன்னு எனக்குத் தெரியும். சேந்த ரெண்டாவது வருஷமே தெரியும். அதனாலதான் எப்பவும் நீலம் போட்டேன், புள்ளி வச்சுக் குடுத்தேன். அன்னைக்கு நீலம் இல்ல. பச்சைன்னு முடிவு பண்ணினது நானாக்கும். பாத்துப் புள்ளி வைக்காம போனதும் நான். எனக்க மகளைப் பொண்ணு பாக்க வந்தாங்க, அதுக்குப் போயிட்டேன்."

சார் என் பக்கம் திரும்பவில்லை.

செல்வபாய் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "கல்யாணம் உறுதியாச்சா?" என்று கேட்டாள்.

"ஆச்சு."

"எந்த மாசம்?"

"ஜனவரி."

சரி என்பது போலத் தலையசைத்தாள். அதில் கோபம் இருந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. கொஞ்சம் கழித்து, "அதைப் பாக்கலாமா? கிருமிய" என்றாள். "எழும்பி நடந்த பெறவு."

ஜூலை 30, செவ்வாய்

சூப்பிரண்டிடம் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தேன், இரண்டு பக்கம். படித்துவிட்டு, "இதை நீங்க முன்னாலயே சொல்லியிருந்தா அவரு வேலை போயிருக்கும், இல்லையா?" என்றார். ஆமாம் என்றேன். "அதுக்காகத்தான் சொல்லலையா?"

அவருக்காக என்றுதான் இத்தனை நாளும் எனக்கு நானே சொல்லி வந்தேன். அது முழுதும் உண்மையில்லை. அந்த மேதைக்கு நான் இல்லாமல் முடியாது என்பது எனக்குப் பிடித்திருந்தது. இதை அவரிடம் சொல்லவில்லை. இங்கே எழுதுகிறேன்.

ஆகஸ்ட் 1, வியாழன்

தாணு சார் நேற்றோடு ராஜினாமா. எனக்கு மூன்று மாதம் சம்பள வெட்டும், கண்டிப்புக் கடிதமும். புதிதாக வந்த பெண் டாக்டர் முதல் நாளே கேட்டார்: "டி.பி.க்கு என்ன பின்னணி போடுவீங்க?" எது வேண்டும் என்றேன். "எதுன்னாலும் சரி" என்றார். அந்தப் பதில் எனக்குப் புதிதாக இருந்தது.

செப்டம்பர் 16, திங்கள்

செல்வபாய் செக்கப்புக்கு வந்தவள் லேபுக்கும் வந்தாள். ஆறு கிலோ ஏறியிருக்கிறாளாம். பையை எடுக்க இன்னும் இரண்டு மாதம் ஆகும். சேலைக்கு மேலே ஒரு துண்டைப் போட்டு மறைத்திருந்தாள். ஞானசிகாமணி ஜன்னலுக்கு வெளியிலேயே நின்றுகொண்டார். சாருக்குப் போன் செய்து சொல்லியிருந்தேன். அவர் முன்னாலேயே வந்து ஓரத்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். அவருடைய நாற்காலியில் உட்காரவில்லை.

நீல ஸ்லைடை வைக்கப் போனேன்.

"அது இல்ல" என்றாள் செல்வபாய். "மொதல்ல போட்டது எதோ, அது."

பச்சையை வைத்து, கிருமியை நடுவில் நிறுத்திக் கொடுத்தேன். ஒரு கண்ணை மூடிக்கொண்டு குனிந்தாள். முதலில் தன் இமை முடிதான் தெரிகிறது என்றாள். தலையைக் கொஞ்சம் பின்னால் எடுக்கச் சொன்னேன். பிறகு அசையாமல் நின்றாள்.

"இந்தா கெடக்கே" என்றாள் மெதுவாக. "செவப்பா, ரெண்டு. நல்லாத் தெரியுதே."

சார் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் நிமிர்ந்து அவரிடம் கேட்டாள்: "ஒங்களுக்கு இது எப்பிடி சார் தெரியும்?"

"எல்லாம் காஞ்ச புல்லு நிறமா" என்றார். "ஒரே மாதிரி."

மறுபடி குனிந்து பார்த்தாள். அவர் சொன்னபடி பார்த்துவிட முடியுமா என்று முயல்கிறவள் மாதிரி வெகு நேரம். அப்புறம் என் பக்கம் திரும்பினாள்.

"நீங்க அன்னைக்குப் பாத்திருந்தா ஒங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், இல்லியா?"

"தெரிஞ்சிருக்கும்" என்றேன்.

அவள் துண்டைச் சரிசெய்துகொண்டு வெளியே போனாள். படியிறங்கும்போது கணவரின் கையைப் பிடித்துக்கொண்டாள். சார் இன்னும் உட்கார்ந்திருந்தார். தட்டில் பதினாறு ஸ்லைடு காத்திருந்தது. நான் அடுப்பைப் பற்றவைத்துச் சிவப்பைச் சூடாக்கத் தொடங்கினேன்.